நோயாளரின் ஊழியர் புனித கமில்லஸ்

1574-ஆம் ஆண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். கடற்பயணம் முடிந்து கரையிறங்கிய படைவீரர் சிலர் தெருவில் கூடிச் சூதாடுகின்றனர். அவர்கள் நடுவே ஏறத்தாழ ஆறரை அடி உயரமுள்ள இளைஞன் ஒருவன். அவன் முதலில் பணத்தைத் தோற்றான். பிறகு வாளைத் தோற்றான், துப்பாக்கியைத் தோற்றான், மேலங்கியையும் தோற்றான். இனி வைப்பதற்கு ஒன்றுமில்லை என்றானபோது உடுத்தியிருந்த சட்டையைக் கழற்றி வைத்தான். அதுவும் போயிற்று! வலக்காலில் ஆறாத புண், வயிற்றில் பசி, வயது 24. ஊரார் சிரித்துக்கொண்டே கலைந்தனர்.

இந்த இளைஞனைத்தான் திருச்சபை இன்று நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் செவிலியருக்கும் பாதுகாவலராகக் கொண்டாடுகிறது. புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் என்பது அவர் பெயர். நம் பள்ளியில் படித்து முடித்த மாணவியருள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் செவிலியர் பயிற்சிக்குச் செல்கின்றனர். விடைபெற வரும்போது அவர்களுக்குச் சொல்ல நினைத்து, அவசரத்தில் சொல்லாமல் விட்ட கதை இது. அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். நாம் எல்லாரும் என்றாவது ஒரு நாள் நோயாளியின் அருகில் உட்காரப் போகிறவர்கள்தாமே!

கமில்லஸ் பிறந்தது 1550-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள். ஊர் அப்ருத்சி மலைநாட்டிலுள்ள புக்கியானிக்கோ. அப்பகுதி அந்நாளில் நேப்பிள்ஸ் அரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தை ஜொவான்னி போர்வீரர். பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டார். தாய் கமில்லாவுக்கு வயது முதிர்ந்த பிறகே இம்மகன் பிறந்தான். மகனுக்குத் தாயின் பெயரையே இட்டனர். கருவுற்றிருந்தபோது அவ்வம்மையார் ஒரு கனவு கண்டாராம். மார்பில் சிவப்புச் சிலுவை தரித்த சிறுவன் ஒருவன், அதே சிலுவை தரித்த பல சிறுவர்களை நடத்திச் செல்கிறான். கனவு கண்ட தாய் மகிழவில்லை, கலங்கினார். அக்காலத்தில் தூக்குமேடைக்குக் கொண்டுசெல்லப்படும் குற்றவாளிகளுக்கு அத்தகைய அடையாளம் அணிவிப்பது வழக்கம். தம் மகன் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகப் போகிறானோ என்று அஞ்சினார். பையன் வளர்ந்த விதமும் அந்த அச்சத்தைப் போக்கவில்லை. படிப்பில் நாட்டமில்லை, சீட்டிலும் பகடையிலும்தான் நாட்டம். அவனுக்குப் பதின்மூன்று வயது ஆகுமுன்னே தாய் இறந்துவிட்டார். கனவின் பொருள் அவருக்குத் தெரியாமலே போயிற்று.

இளைஞனானதும் தந்தையும் மகனுமாக வெனிஸ் அரசின் படையில் சேரப் புறப்பட்டனர். துருக்கியரோடு போர் மூண்டிருந்த காலம் அது. வழியிலேயே தந்தை நோயுற்று மாண்டார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கமில்லஸின் காலில் அந்தப் புண் தோன்றியது. முதலில் சிறு கொப்புளம், சொறிந்ததில் புண்ணாயிற்று. பார்த்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்தப் புண் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறவே இல்லை.

1571-இல் அந்தப் புண்ணைக் காட்டத்தான் கமில்லஸ் முதன்முறையாக ரோமாபுரி சென்றான். அங்கே புனித யாகப்பர் பெயரால் தீராநோயாளர் மருத்துவமனை ஒன்று இருந்தது. சிகிச்சைக்குப் பணம் கொடுக்க வழியில்லாததால் அங்கேயே வேலையாளாகச் சேர்ந்தான். அக்கால மருத்துவமனைகளை நம் காலத்து மருத்துவமனைகளைப் போல எண்ணிவிடக் கூடாது. வசதியுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். வேறு போக்கிடம் இல்லாத ஏழைகளே மருத்துவமனைக்கு வருவார்கள். அவர்களைக் கவனிக்க வேறு வேலை கிடைக்காதவர்களைக் கூலிக்கு அமர்த்துவார்கள். தண்டனையாக அனுப்பப்பட்ட குற்றவாளிகளும் அவர்களிடையே உண்டு. அந்தக் கூலியாட்களுள் ஒருவனாகவே நம் கமில்லஸும் இருந்தான். நல்ல கூலியாளாகவும் இல்லை! நோயாளிகளை விட்டுவிட்டு டைபர் ஆற்றங்கரைக்கு ஓடிப் படகோட்டிகளுடன் சீட்டாடுவான்; உடன் வேலை செய்பவர்களோடு சண்டையிடுவான். பொறுத்துப் பார்த்த மேலாளர்கள் சில மாதங்களில் அவனை வெளியே அனுப்பிவிட்டனர். பிற்காலத்தில் அவர் யாரைத் திருத்தப் பாடுபட்டாரோ அவர்களுள் ஒருவராகத் தாமே இருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் படை, மீண்டும் சூது. அதன் முடிவைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம். சட்டையையும் இழந்தவன் ஊர் ஊராக அலைந்து மான்ஃப்ரெதோனியா என்னும் துறைமுக நகரை அடைந்து, கோவில் வாசலில் நின்று கைநீட்டினான். வாட்டசாட்டமான இளைஞன் பிச்சை எடுப்பதைக் கண்ட ஒருவர், கப்புச்சின் துறவியர் மடம் கட்டும் இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். கழுதைகளின் மேல் கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிக் கொண்டுவரும் வேலை. குளிர்காலம் கழிந்தால் மீண்டும் போருக்குப் போய்விடலாம் என்பதே அவன் எண்ணம்.

1575 பிப்ரவரி முதல் நாள், சில பொருள்களை வாங்கிவர அருகிலுள்ள சான் ஜொவான்னி ரொத்தொந்தோ மடத்துக்கு அவனை அனுப்பினார்கள். (நம் காலத்தில் ஐந்துகாய வரம் பெற்ற தந்தை பியோ 1968-இல் இறக்கும்வரை வாழ்ந்தது இதே ஊரில்தான்.) அன்று மாலை அம்மடத்துத் துறவி ஒருவர் அவனைத் தனியே அழைத்துச் சற்று நேரம் பேசினார். கடிந்துகொள்ளவில்லை, இறைவனைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் நண்பரைப் போலப் பேசினார். மறுநாள் ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். திருப்பலி கண்டுவிட்டுக் கழுதையின் மேல் திரும்பிக்கொண்டிருந்தவனுக்கு நடுவழியில் என்னவோ ஆயிற்று. கீழே இறங்கி, கற்கள் நிறைந்த அந்தப் பாதையில் முழந்தாளிட்டு, தன் வாழ்நாளெல்லாம் வீணாயிற்றே என்று கதறி அழுதான். இதுவரை அவன் என்று எழுதினேன். இனி அவர் என்றே எழுத மனம் வருகிறது.

கமில்லஸ் கப்புச்சின் சபையில் சேர்ந்தார். ஆனால் காலிலிருந்த புண் விடவில்லை. துறவாடையின் முரட்டு விளிம்பு உராய்ந்து உராய்ந்து புண் பெரிதாயிற்று. குணமானால் திரும்பி வரலாம் என்று அன்போடு அனுப்பிவைத்தார்கள். ரோமாபுரி மருத்துவமனைக்குப் போய், குணமாகி, மறுபடியும் சபையில் சேர்ந்தார். மறுபடியும் புண் திறந்துகொண்டது. இறுதியில் துறவியர் அவரை ஏற்க மறுத்துவிட்டனர். மனமுடைந்து அவர் திரும்பிய இடமும் அதே மருத்துவமனைதான்.

இம்முறை வந்தவர் சண்டைக்காரக் கமில்லஸ் அல்லர். பணியில் அவர் காட்டிய கருத்தைக் கண்டு மேலாளர்கள் சில ஆண்டுகளில் மருத்துவமனையின் உள்நிர்வாகப் பொறுப்பையே ஒப்படைத்தனர். பொருள் வாங்குவது, கணக்குப் பார்ப்பது, வேலையாட்களை ஏவுவது எல்லாம் அவர் கையில். அப்போதுதான் அவர் உண்மை நிலையை நன்கு கண்டார். விரிப்புகள் மாற்றப்படாமல் கிடக்கும். தாமாக உண்ண இயலாதவர் முன் உணவுத் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். சற்று நேரம் கழித்து அதை அப்படியே எடுத்துச் செல்வார்கள். தண்ணீர், தண்ணீர் என்று இரவெல்லாம் ஒருவர் முனகினாலும் கேட்பார் இல்லை. உயிர் முழுவதும் பிரியுமுன்னே சிலரைப் பிணவறைக்குத் தூக்கிச் சென்ற கொடுமையும் நடந்தது என்று அவருடைய சீடரும் வரலாற்றாசிரியருமான சிக்காத்தெல்லி எழுதியிருக்கிறார்.

கமில்லஸ் முதலில் மேலாளர் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்தார். நேரம் குறித்தார், கண்டித்தார், எதிர்பாராத வேளைகளில் வந்து நின்று சோதித்தார். இரவில் திடீரென்று வார்டுக்குள் நுழைவார்; அவர் நுழையும்போது எல்லாரும் ஓடியாடி வேலை செய்வார்கள். அவர் தலை மறைந்ததும் பழைய நிலைதான். இதைத்தான் ஆண்டுக்கணக்கில் கண்டு வேதனைப்பட்டார். கூலிக்காக ஒருவரைப் படுக்கையருகே நிற்கவைக்கலாம். நோயாளியின் முகத்தைப் பார்க்கவைக்க முடியாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1582 ஆகஸ்ட் மாதம், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டிய ஓர் இரவு நோயாளரிடையே விழித்திருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஊதியத்துக்காக அன்றி, இறைவன்மீதுள்ள அன்புக்காகவே, தாய் தன் பிள்ளையைக் கவனிப்பது போல நோயாளரைக் கவனிக்கும் மனிதர்களை ஒன்றுசேர்த்தால் என்ன?

மருத்துவமனையில் பணிசெய்தவர்களிலேயே ஐந்து பேர் அவரோடு சேர்ந்தனர். ஒரு சிறிய அறையில் பாடுபட்ட சுரூபம் ஒன்றை வைத்து, நாள்தோறும் கூடிச் செபித்துவிட்டு வார்டுகளுக்குச் செல்வார்கள். நல்லது செய்தால் எல்லாரும் மகிழ்வார்கள் என்றுதானே நினைப்போம்? மேலாளர்களுக்கு ஐயம் பிறந்தது. இவர்கள் தனிக் கூட்டம் சேர்த்து மருத்துவமனையையே கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. செபக்கூடத்தைக் கலைத்து, சுரூபத்தை ஒரு மூலையில் போட்டுவிட்டனர். கமில்லஸ் அதை எடுத்துத் தம் அறைக்குக் கொண்டுபோனார். அன்றிரவு சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம் கைகளை விடுவித்து அவரைத் தேற்றியதாகவும், இது உன் வேலையன்று, என் வேலை என்னும் பொருள்பட மொழிந்ததாகவும் அவர் வரலாற்றில் காண்கிறோம். அந்தச் சுரூபம் இன்றும் ரோமாபுரியில் புனித மதலேன் மரியாள் ஆலயத்தில் வணங்கப்படுகிறது.

அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்த குருவானவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற புனித பிலிப்பு நேரி! அவரே கமில்லஸ் மருத்துவமனையை விட்டு வெளியேறித் தனிச்சபை தொடங்குவதை ஏற்கவில்லை. படிப்பறிவில்லாத இந்த மனிதரால் பலரை நடத்திச் செல்ல முடியாது என்று எண்ணினார். கமில்லஸ் பிடிவாதமாக இருந்தபோது, இனி வேறு குருவிடம் செல்லும்படி சொல்லி விலகிக்கொண்டார். புனிதர் இருவர் ஒரே காரியத்தில் ஒத்துப்போகாதது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் பிலிப்பு நேரி சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. கமில்லஸுக்குப் படிப்பு இல்லை.

ஆகவே படிக்கப் போனார். முப்பத்திரண்டு வயதில், இயேசு சபையினரின் ரோமைக் கல்லூரியில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். அந்த நெட்டை உருவம் சிறிய பெஞ்சில் எப்படித்தான் அடங்கியதோ! நேரங்கழித்து வந்துவிட்டீர் என்று பையன்கள் கேலி செய்தார்களாம். அவர் தலை குனிந்து பாடத்தை மனனம் செய்தார். 1584-இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர் தாயகத்தை விட்டு ரோமாபுரியில் தங்கியிருந்த ஆயர் தாமஸ் கோல்ட்வெல். பிறகு தம் தோழர்களுடன் பழைய மருத்துவமனையை விட்டு நீங்கி, ரோமாபுரியின் மிகப் பெரிய மருத்துவமனையான பரிசுத்த ஆவி மருத்துவமனைக்கு நாள்தோறும் சென்று பணிபுரியத் தொடங்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் வாழ்வின் நடுவிடம் அதுவே.

அங்கே அவர் செய்தவற்றைப் படித்தால், எல்லாம் மிகச் சிறிய காரியங்களாகத் தோன்றும். படுக்கை விரிப்பை மாற்றுவார். மாற்றும்போது நோயாளிக்குக் குளிர் படாதபடி போர்த்துவார். காற்று வரும்படி சன்னலைத் திறந்துவிடுவார். உணவு ஊட்டும்போது முழந்தாளிட்டுக்கொள்வார்; இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சுவார். புண்ணைக் கழுவும்போது முகத்தைச் சுளிக்கமாட்டார். சில வேளைகளில் நோயாளி முன் நின்றுகொண்டு, ஆண்டவர் முன் நிற்பதாகவே எண்ணித் தம் பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்பாராம். நோயாளரைத் தம் எசமானர்கள் என்றே அழைத்தார். ஒருமுறை ஒரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையின் தலைவராயிருந்த உயர்ந்த குரு அவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். இப்போது இயேசு ஆண்டவரோடு இருக்கிறேன், இது முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார் கமில்லஸ். கையில் இருந்த வேலையை முடித்த பிறகுதான் போனார்.

தம் சகோதரர்களுக்காக அவர் எழுதிவைத்த ஒழுங்குகளும் இப்படிப்பட்டவையே. பணிக்கு வருமுன் ஒவ்வொருவரும் இறைவனிடம் ஒரு வரம் கேட்க வேண்டும்: ஒரே பிள்ளை நோயுற்றிருக்கும்போது தாய்க்கு எத்தகைய பாசம் இருக்குமோ அந்தப் பாசத்தைத் தரும்படி. கடுஞ்சொல் கூடாது. நோயாளி எரிந்து விழுந்தாலும் பொறுக்க வேண்டும். மரணத் தறுவாயில் இருப்பவரை ஒருபோதும் தனியே விடக் கூடாது. மூச்சு நின்றதுபோல் தோன்றினாலும் உடனே முகத்தை மூடாமல், கால் மணி நேரமாவது அருகிலிருந்து செபிக்க வேண்டும். அவசரப்பட்டு உடலை அகற்றக் கூடாது. இந்தக் கடைசி ஒழுங்கினால் உயிரோடு புதைக்கப்படாமல் தப்பியவர்கள் உண்டு என்கிறார்கள். சகோதரர்கள் இயந்திரம் போல வேலை செய்வதைக் கண்டால், உங்கள் கைகளில் இன்னும் கொஞ்சம் இதயத்தை வையுங்கள் என்னும் கருத்துப்பட வேண்டிக்கொள்வார். மருத்துவ அறிவு அவருக்குப் பெரிதாக இல்லை. மருத்துவர் சொன்னபடி மருந்து கொடுக்கப்படுகிறதா என்று கண்காணித்தார், அவ்வளவே. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்தது 1820-இல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே தூய்மை, காற்று, உணவு, பரிவு ஆகியவற்றை ஒருவர் மருத்துவமனைக்குள் கொண்டுவர முயன்றார் என்பது நினைவில் இருக்க வேண்டியது.

இங்கே என் சொந்தச் செய்தி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரோடு ஒரு மருத்துவமனையில் பதினோரு இரவுகள் தங்க நேர்ந்தது. அங்கே நல்ல மருத்துவர்கள், நல்ல கருவிகள். ஆனால் அம்மாவின் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. கட்டில் எண்தான் பெயர். ஆறாம் நாள் இரவு வந்த வயதான ஆயா ஒருவர் மட்டும், கேளாமலே தலையணையைத் திருப்பிப் போட்டு, வெந்நீரில் துணியை நனைத்து அம்மாவின் பாதங்களைத் துடைத்துவிட்டார். எத்தனையோ ஊசிகள் போட்டும் தூங்காத அம்மா அன்று தூங்கினார். கமில்லஸின் வரலாற்றைப் படித்தபோது அந்த ஆயாவின் முகமே எனக்கு நினைவுக்கு வந்தது.

1586-இல் திருத்தந்தை 5-ஆம் சிக்ஸ்துஸ் இச்சபைக்கு ஒப்புதல் அளித்தார். மற்றத் துறவியரிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட, கறுப்பு அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை அணியவும் அதே ஆண்டு இசைவு கிடைத்தது. அம்மாவின் கனவு! கள்ளர் தலைவனின் அடையாளம் என்று அஞ்சி நடுங்கினாரே, அந்தச் சிலுவை இதுதான். (இதையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னத்தையும் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. 1864-இல் ஏற்கப்பட்ட அச்சங்கச் சின்னம் சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தது. இரண்டும் வேறு வேறு.) 1591-இல் திருத்தந்தை 14-ஆம் கிரகோரியார் இதனை முழுத் துறவறச் சபையாக உயர்த்தினார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளுடன் நான்காவது ஒன்றும் சேர்ந்தது: கொள்ளைநோய் கண்டவர்களாயினும், தம் உயிருக்கு ஆபத்தே வந்தாலும், நோயாளருக்குப் பணிபுரிவது.

அது வெறும் வாய்ச்சொல் அன்று. 1589-இல் நேப்பிள்ஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் கொள்ளைநோய் கண்டிருந்தது. அவற்றைக் கரையை நெருங்கவிடவில்லை. கமில்லஸின் சகோதரர்கள் அக்கப்பல்களிலிருந்த வீரர்களுக்குப் பணிசெய்யச் சென்றார்கள். அவர்களுள் சிலர் உயிரோடு திரும்பவில்லை. இரண்டாண்டுகள் கழித்து ரோமாபுரியில் பஞ்சமும் விஷக்காய்ச்சலும் தலைவிரித்தாடியபோதும் பல சகோதரர்கள் இறந்தார்கள். 1595-இல் ஹங்கேரிப் போர்முனைக்குச் சென்ற படையோடு சிலரை அனுப்பிக் காயம்பட்டவர்களைக் கவனிக்கச் செய்தார். போர்க்களத்து மருத்துவப் பணியின் தொடக்கங்களுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

சபை வளர வளர உள்ளேயே ஒரு பெரிய சச்சரவு மூண்டது. கமில்லஸின் வாழ்வில் மிக வேதனையான பகுதி இதுவே என்று நான் நினைக்கிறேன். குருக்களான நாம் நோயாளருக்கு ஆன்ம ஆறுதல் கொடுத்தால் போதாதா? தேவதிரவிய அனுமானங்களைக் கொடுப்பதும் நல்மரணத்துக்கு ஆயத்தம் செய்வதும்தானே நம் வேலை? மலச்சட்டி எடுப்பதும் தரை கூட்டுவதும் கூலியாட்கள் செய்யக்கூடியவை அல்லவா? இப்படிக் கேட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர், நல்ல துறவியர். மக்கள் அவர்களை நல்மரணக் குருக்கள் என்று மதிப்போடு அழைத்தார்கள். தோழர்கள் வரிசையாக மடிந்துகொண்டிருந்ததை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். சபையின் கடனும் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் கமில்லஸ் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. 1594-இல் மிலான் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் தம் சகோதரர்கள் இரவும் பகலும் தங்கி எல்லா வேலைகளையும் தாமே செய்யும்படி ஒப்புக்கொண்டார். ஆலோசகர்கள் எதிர்த்தனர். உடலைத் தொடாத கைகள் ஆன்மாவையும் தொட முடியாது என்பது அவர் உறுதி. சூதாடிய நாள்களில் அவரே ஒரு கட்டிலில் கிடந்து, யார் வருவார் என்று வாசலைப் பார்த்தவர் அல்லவா?

1600-ஆம் ஆண்டின் இறுதியில் திருத்தந்தை 8-ஆம் கிளமெண்ட் இருதரப்பையும் கேட்டு, ஆன்மப் பணி, உடற்பணி ஆகிய இரண்டும் சபையின் கடமைகளே என்று தீர்ப்பளித்தார். ஆயினும் கமில்லஸ் களைத்துப்போயிருந்தார். அவர் சிறந்த நிர்வாகி என்று சொல்ல முடியாது. ஏழைகளுக்குச் செலவிடும்போது கையிருப்பைப் பார்க்கமாட்டார். மற்றவர்களுக்கும் தம்மைப்போல் இரவெல்லாம் விழிக்கும் வலிமை இருக்கும் என்று எண்ணிவிடுவார். 1607-இல் சபைத் தலைவர் பதவியைத் துறந்தார். பதவி போனதும் அவர் மனம் இலேசாகி, மறுபடியும் வார்டுக்கே போய்விட்டார்.

முன்னே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 1598 கிறிஸ்துமஸ் சமயத்தில் டைபர் ஆறு கரை புரண்டு ரோமாபுரிக்குள் புகுந்தது. ஆற்றை ஒட்டியே இருந்தது பரிசுத்த ஆவி மருத்துவமனை. வெள்ளம் வார்டுக்குள் ஏறிக்கொண்டிருக்க, கமில்லஸும் சகோதரர்களும் படுத்த படுக்கையான நோயாளரை ஒவ்வொருவராகத் தோளிலும் கையிலும் ஏந்தி மேல்மாடிக்குக் கொண்டு சேர்த்தார்கள். அவருக்கு அப்போது வயது 48. காலில் புண், இடுப்பில் குடலிறக்கக் கட்டு. நேப்பிள்ஸ் தெருவில் நகைப்புக்கு இடமாயிருந்த அந்தப் பெரிய உடம்பு எதற்கென்று அன்று எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

ஆம், அவரும் நோயாளிதான். காலில் ஆறாத புண், குடலிறக்கம், பாதத்தில் தடித்த ஆணிகள், சிறுநீரகக் கல், உணவைத் தள்ளும் வயிறு. இந்த ஐந்தையும் இறைவனின் இரக்கங்கள் என்று சொல்வாராம். நடக்க முடியாதபோது ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறையத் தவழ்ந்தே ஒவ்வொரு நோயாளியிடமும் போய் ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். தமக்குப் பணிவிடை செய்ய யாராவது வந்தால் மட்டும் கூச்சப்படுவார்.

1614-இல் அவர் படுக்கையில் விழுந்தார். பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், பரிசுத்த ஆவி மருத்துவமனைக்குத் தம்மைக் கொண்டுபோகச் சொல்லி நோயாளரிடம் விடைபெற்றுக்கொண்டார். மதலேன் மரியாள் ஆலயத்தை அடுத்த இல்லத்தில் கிடந்தபோதும், இரவில் பார்ப்பவர் இல்லாத சமயம் பார்த்து எழுந்து, பக்கத்து அறைகளிலிருந்த நோயாளிச் சகோதரர்களைப் பார்க்கப் போய்விடுவார். தேடிப்பிடித்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஜூலை 14-ஆம் நாள், 64-ஆம் வயதில், கைகளைச் சிலுவை வடிவில் விரித்தபடி உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த ஒழுங்கின்படியே சகோதரர்கள் சுற்றி நின்று செபித்துக்கொண்டிருந்தார்கள்.

திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பர் 1746-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1886-இல் 13-ஆம் சிங்கராயர், புனித இறை யோவானோடு சேர்த்து அவரை நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். 1930-இல் 11-ஆம் பத்திநாதர் செவிலியரின் பாதுகாவலராகவும் அறிவித்தார். அவர் திருநாள் ஜூலை 14. பள்ளி திறந்த புதிதில் வரும். அதனால்தானோ என்னவோ நாம் அதைக் கவனிப்பதில்லை. அடுத்த ஆண்டு அந்நாளில், செவிலியர் பயிற்சியில் இருக்கும் நம் பழைய மாணவியருக்கு ஆளுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று எண்ணியிருக்கிறேன். அவர்கள் முகவரி வைத்திருக்கும் மாணவியர் எனக்குத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.